ஒரு தொன் இறப்பர், ஐந்தரைத் தொன் அரிசி: 1952 இலங்கை – சீன ஒப்பந்தம்

கொழும்பில் சீனத் தூதரகம் இல்லை. பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இலங்கைத் தூதரகம் இல்லை. இலங்கையை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சியோ கம்யூனிஸம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிக்கும் கட்சி. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை நின்றது, கட்டுநாயக்கவில் பிரித்தானிய விமானப்படை இருந்தது. அமெரிக்காவின் 'வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா' நிகழ்ச்சிகளை இலங்கை வானொலி வழியாக ஒலிபரப்பவும் 1951இல் உடன்பாடாகியிருந்தது. மறுபக்கத்தில், சீனப் படைகள் கொரியாவில் ஐக்கிய நாடுகளின் கொடியின் கீழ் நின்ற படைகளோடு போரிட்டுக்கொண்டிருந்தன.

இப்படிப்பட்ட இரு அரசுகள் 1952 டிசம்பர் 18இல் பீக்கிங்கில் ஓர் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பர் சீனாவுக்குப் போகும். 270,000 மெற்றிக் தொன் அரிசி இலங்கைக்கு வரும். இறப்பர் – அரிசி ஒப்பந்தம் என்று பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரியில் படித்துத் தேர்வெழுதி மறந்துவிடுகிறோமே, அதுதான்.

இன்று இதன் ஆண்டு நிறைவுகளில் பேசுபவர்கள் நட்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2022இல் எழுபதாம் ஆண்டைக் கொண்டாடியபோதும் அதே பேச்சு. எனக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நட்பு இந்தக் கதையில் மிகவும் பிந்தி வருகிறது. முதலில் வந்தது சோற்று உலை. அடுத்து வந்தது விற்க வழியில்லாத இறப்பர். தூதரகம், விருந்து, மண்டபம் எல்லாம் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் இருபது ஆண்டுகளுக்கும் பின்னால். இந்த ஒப்பந்தம் ஏன் நடந்தது, ஏன் இலங்கைக்கு அத்தனை இலாபமாக இருந்தது, அந்த இலாபம் ஏன் நீடிக்கவில்லை என்ற மூன்றையும் அந்த வரிசைதான் விளக்குகிறது.

கூப்பன் அரிசி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு முறை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. கூப்பன் புத்தகம் இல்லாத வீடு இல்லை. எங்கள் வீட்டில் அப்பம்மா தன்னுடைய கூப்பன் புத்தகத்தை, அது எதற்கும் உதவாமல்போய்ப் பல ஆண்டுகளான பிறகும், காணி உறுதியோடு சேர்த்து ஒரே தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அந்தக் காலத்தாருக்கு இரண்டும் ஒரே தரம்.

அரசு மானியத்தில் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்குக் கிடைத்தது. நாட்டில் விளைந்த நெல் போதவில்லை. உண்ணும் அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. பெரும்பங்கு பர்மாவிலிருந்து, மிச்சம் தாய்லாந்து போன்ற இடங்களிலிருந்து. 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தீவின் சனத்தொகை ஏறத்தாழ 81 இலட்சம். சீனா தருவதாகச் சொன்ன 270,000 தொன்னை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆண்டுக்கு 33 கிலோ. கைக்குழந்தையிலிருந்து கிழவர்வரை எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. ஒரே ஒரு ஒப்பந்தத்தில் இத்தனை உணவு.

கொரியப் போர் 1950 ஜூனில் மூண்டதும் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. உலகப் போருக்கு முன்பிருந்த ஏற்றுமதி அளவை பர்மா இன்னும் எட்டவில்லை. உள்நாட்டுக் கிளர்ச்சி வேறு. வாங்கக் காத்திருந்த நாடுகள் பல, விற்கும் நாடுகள் சில. விலை ஏற ஏற, வாங்கும் விலைக்கும் 25 சதத்துக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்பியது இலங்கைத் திறைசேரி. 1951இல் கையில் பணம் இருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை. 1952இல் தெரிந்தது.

மரத்தின் கதை

பணம் 1951இல் எங்கிருந்து வந்தது என்றால், தேயிலையிலிருந்தும் இறப்பரிலிருந்தும். ஆசியாவின் இறப்பர் வரலாறே இலங்கையோடுதான் தொடங்குகிறது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் 1876இல் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்தக் கன்றுகள் அதே ஆண்டில் கப்பலேறி கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று மழை பெய்யும் தாழ்நிலங்களில் மரம் பரவியது. விடியுமுன் பால்வெட்டு, சிரட்டையில் வடியும் பால், அமிலம் விட்டு உறையவைத்து உருளையில் தட்டையாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டால் தேன்நிறத் தாள். இந்தத் தாள் இறப்பர்தான் கதையின் ஒரு பாதி.

போர்க்காலத்தில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முக்கிய ஊற்று இலங்கை. மரம் பிழைக்குமா என்று பாராமல் வெட்டினார்கள். ஆங்கிலத் துரைமார் அதற்கு வைத்த பெயரையே தமிழில் சொன்னால் 'கொலை வெட்டு' என்று வரும். போர் முடிந்தபோது கையில் மிஞ்சியவை கிழட்டு மரங்கள். மலாயாவில் புதுரக மரங்கள் ஏக்கருக்கு அதிகம் கறக்க, இலங்கையின் உற்பத்திச் செலவு மேலேயே நின்றது. அமெரிக்காவோ போர்க்காலத்தில் கட்டிய செயற்கை இறப்பர் ஆலைகளைக் கைவசம் வைத்திருந்தது.

கொரியப் போரின் முதல் மாதங்களில் இறப்பர் விலை வானத்துக்குப் போனது. அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. இயற்கை இறப்பரை இறக்குமதி செய்யும் உரிமையை அரச நிறுவனம் ஒன்றிடமே ஒப்படைத்து, தனியார் போட்டியை நிறுத்தி, விலையைக் கீழே இறக்கியது. உலகின் மிகப் பெரிய நுகர்வோர் ஒரே வாயாகப் பேசத் தொடங்கினால் விற்பவன் என்ன செய்வான்? 1951இன் பிற்பகுதியிலிருந்து விலை சரிந்தது. 1952இல் இலங்கையின் நிலை இதுதான்: வாங்கும் அரிசி விலை ஏறுகிறது, விற்கும் இறப்பர் விலை இறங்குகிறது, மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பு கரைகிறது.

தடையும் அதன் ஓட்டையும்

1951 மே 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் போர்த்தளபாடம், பெற்றோலியம், போருக்குதவும் பொருட்கள் அனுப்பக்கூடாது என்று தீர்மானித்தது. இறப்பரை அந்தப் பட்டியலில் வைத்துத்தான் மேற்கு நாடுகள் பார்த்தன. டயர் இல்லாமல் லொறி ஓடாது, லொறி ஓடாமல் படை நகராது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயா தன் இறப்பரைச் சீனாவுக்கு விற்பதை நிறுத்தியது. இந்தோனேசியாவும் தடையை ஏற்றது. உலகின் இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இவ்விரு இடங்களிலும்தான் விளைந்தது. ஆக, சீனாவின் முன் கதவுகள் சாத்தப்பட்டன.

இலங்கையை அந்தத் தீர்மானம் கட்டவில்லை. காரணம் வேடிக்கையானது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகளில் உறுப்பினரே இல்லை. 1948இல் விண்ணப்பித்தபோது சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டுத் தடுத்தது. பிரித்தானியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடா என்பது அவர்கள் கேள்வி. 1955 டிசம்பர் 14 வரை இலங்கை வாசலிலேயே நின்றது. சோவியத் ஒன்றியம் போட்ட வீட்டோவே, அதன் தோழமை நாடான சீனாவுக்கு இறப்பர் கிடைக்கும் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. மாஸ்கோவில் யாராவது இதைத் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் விளைவு அதுதான்.

கொழும்பு வணிகர்கள் 1951இலேயே சீனாவுக்கு இறப்பர் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அரசு அவர்களுக்குப் பின்னால்தான் போனது.

அமெரிக்கப் பக்கத்தில் வேறொரு கயிறு இருந்தது. 1951ஆம் ஆண்டின் பற்றில் (Battle) சட்டம், போர் முக்கியத்துவமுள்ள பொருட்களைக் கம்யூனிஸ நாடுகளுக்கு விற்கும் எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்றது. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கவேண்டாம், பகை பகையால் தணியாது என்று புத்தர் வாக்கைச் சொல்லிப் பேசி, அமெரிக்கரின் பலத்த கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கைதட்டலுக்கு அரிசி கிடைக்கவில்லை.

வாஷிங்டனில் முடியாத பேச்சு

1952 மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மகன் டட்லி பிரதமரானார். மே மாதத் தேர்தலில் வென்றார். வென்ற கையோடு எதிரில் நின்றது அரிசிப் பிரச்சினை.

முதலில் கதவு தட்டியது வாஷிங்டனில்தான். இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இலங்கை ஏதோ கொள்கைத் துணிவோடு நேரே பீக்கிங்குக்குப் போனது என்ற தோற்றம் பின்னாளில் உண்டாகிவிட்டது. உணவு அமைச்சராக இருந்த சேர் ஒலிவர் குணதிலக்க 1952 நடுப்பகுதியில் அமெரிக்கா போனார். பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுத்தவர். கேட்டது இரண்டு: எங்கள் இறப்பரை நல்ல விலைக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குங்கள், எங்களுக்கு அரிசியைக் கட்டுப்படியாகும் விலையில் தாருங்கள். அமெரிக்கர் சந்தை விலைக்கு மேல் இறப்பருக்குக் கொடுக்க ஒப்பவில்லை. அரிசியும் சந்தை விலைக்கே. சந்தை விலையில் வாங்கவும் விற்கவும் முடிந்தால் ஒரு அமைச்சர் ஏன் கடல் கடந்து போகவேண்டும்?

அமெரிக்கத் தரப்பின் கணக்கையும் பார்க்கவேண்டும். இலங்கைக்குக் கூடுதல் விலை கொடுத்தால் மலாயாவும் இந்தோனேசியாவும் நாளை அதையே கேட்கும். மேலும், தடையை மீறுவோம் என்று மிரட்டியவனுக்குப் பரிசு கொடுத்ததாகவும் ஆகும். ஒரு பேரரசின் பேரேட்டில் இது நியாயம். ஆனால் அந்தப் பேரேட்டில் இலங்கை ஒரு சின்ன வரி. இலங்கையின் பேரேட்டிலோ அரிசிதான் முதற்பக்கம் முழுக்க. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து வெவ்வேறு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

பீக்கிங்கில் முடிந்தது

ஆர். ஜி. சேனநாயக்க, பிரதமர் டட்லியின் ஒன்றுவிட்ட சகோதரர். வர்த்தக அமைச்சர். தன் மனதில் பட்டதைக் கட்சியைப் பாராமல் செய்கிறவர் என்று பெயர். மந்திரிசபைக்குள் அமெரிக்காவைப் பகைக்க வேண்டாம் என்ற குரல்கள் இருந்தன; ஜயவர்த்தன அந்தப் பக்கம். ஆனாலும் ஆர். ஜி. தலைமையில் தூதுக்குழு ஒன்று பீக்கிங் சென்றது. 1952 ஒக்டோபர் 4இல் முதற்கட்ட வர்த்தக உடன்பாடும், கையோடு 80,000 தொன் அரிசிக்கான ஒப்பந்தமும் ஆனது. இரண்டரை மாதத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம்.

விலைதான் கதையின் நடு. சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிடக் கணிசமாகக் கூட்டி இறப்பரை வாங்கச் சீனா ஒப்பியது. அரிசியை உலக விலையைவிடக் குறைத்துத் தர ஒப்பியது. விற்கும்போதும் இலாபம், வாங்கும்போதும் இலாபம். அளவை ஐந்தாண்டுக்கும் நிலையாக வைத்து, விலையை ஆண்டுதோறும் பேசித் தீர்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இரு தரப்புச் சரக்கின் பெறுமதியும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி அளவுகளைப் பொருத்தினார்கள். அதனால் டொலர் தேடி அலையவேண்டியதில்லை. ஒரு தொன் இறப்பருக்கு ஐந்தரைத் தொன் அரிசி என்று தலைப்பில் போட்டது ஏறத்தாழ அந்த அளவுகளின் விகிதம்.

சீனா ஏன் இவ்வளவு தாராளமாக இருந்தது? இறப்பர் வேண்டும் என்பது ஒரு பாதி. 1951இலிருந்தே ஹைனான் தீவிலும் தென் மாகாணங்களிலும் சொந்தமாக இறப்பர் நடத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் இறப்பர் மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். அந்த இடைக்காலத்தை யாராவது நிரப்பவேண்டும். மறுபாதி அரசியல். கம்யூனிஸ நாடல்லாத, அமெரிக்காவின் தோழன் என்று எண்ணப்பட்ட ஓர் ஆசிய அரசு தடையைத் தாண்டி வந்து கையெழுத்திடுகிறது என்பதே சீனாவுக்குப் பெரிய சரக்கு. கூடுதல் விலையில் ஒரு பகுதி இறப்பருக்கு, ஒரு பகுதி அந்தக் காட்சிக்கு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால், இலங்கைக்குக் கிடைத்த கூடுதல் விலையை உண்டாக்கியதே அமெரிக்காதான். தடை இல்லாவிட்டால் சீனா சிங்கப்பூரில் சாதாரண விலைக்கு வாங்கியிருக்கும். மலாயாவின் வாய் கட்டப்பட்டதால் இலங்கையின் இறப்பருக்கு மதிப்புக் கூடியது. அந்தக் கட்டு அவிழும் நாளில் மதிப்பும் இறங்கும் என்பது 1952இலேயே தெரிந்திருக்கவேண்டிய கணக்கு.

சரக்கு போய்ச்சேர்வது இன்னொரு பாடு. கொழும்பிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகத் தென்சீனக் கடலுக்குள் போகவேண்டும். தாய்வான் நீரிணையில் அமெரிக்காவின் ஏழாவது கடற்படை உலவியது. தாய்வானை ஆண்ட சியாங் காய் ஷேக்கின் கடற்படை சீனாவுக்குச் சரக்கேற்றிய வணிகக் கப்பல்களை வழிமறித்த காலம். கிழக்கு ஐரோப்பியக் கொடியோடு வந்த கப்பல்கள்கூடப் பிடிபட்டன.

கந்தகம்

அமெரிக்கா கோபத்தைக் காட்டியது. பற்றில் சட்டப்படி உதவி கிடையாது என்பது ஒன்று. இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி 1956 வரை வரவில்லை. இன்னொன்று பலருக்கு நினைவில்லாதது: கந்தகம் விற்க மறுத்தார்கள்.

கந்தகத்துக்கும் இறப்பருக்கும் என்ன தொடர்பு என்று தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டால் உடனே சொல்வார். ஆண்டுத் தொடக்கத்தில் இறப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும். அந்தத் தளிரில் ஒயிடியம் என்ற சாம்பல் நிறப் பூஞ்சணம் படியும். பிஞ்சு இலை சுருண்டு விழும், மறுபடி துளிர்க்க மரம் தன் சத்தைச் செலவழிக்கும், பால் குறையும். அதற்கு மருந்து, கந்தகப் பொடியைக் காற்றில் ஊதி மரங்களின்மேல் படியவைப்பது. அமெரிக்கா உலகின் பெரிய கந்தக உற்பத்தியாளர். ஆகவே இறப்பரை வாங்க மறுத்தவர்கள் இறப்பரை விளைய விடாமலும் கை வைத்தார்கள். படை அனுப்பவில்லை, கப்பலை மறிக்கவில்லை. ஒரு மூட்டை மஞ்சள் பொடியை நிறுத்தி வைத்தார்கள். வல்லரசின் நெருக்குதல் எத்தனை சின்ன வடிவத்தில் தோட்டத்துத் துரையின் மேசைக்கு வந்து சேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் இருந்தும் ஹர்த்தால்

இங்கே ஒரு கேள்வி எழும். இத்தனை மலிவாக அரிசி வந்ததென்றால், எட்டு மாதம் கழித்து 1953 ஓகஸ்ட் 12இல் அரிசி விலைக்காகவே நாடு ஏன் எரிந்தது?

ஒப்பந்தம் அரிசியைக் கொண்டுவந்தது. மானியத்தின் பாரத்தை முழுவதுமாக இறக்கவில்லை. மலிவான சீன அரிசிக்கும் கூப்பன் விலைக்கும் இடையில்கூட நல்ல பள்ளம் இருந்தது. 1953 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஜயவர்த்தன மானியத்தை வெட்டினார். 25 சதக் கொத்து 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தண்டவாளம் பெயர்த்தார்கள், வீதியில் மரம் வெட்டிப் போட்டார்கள். பொலிஸார் சுட்டதில் உயிர்கள் போயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் நியூஃபவுண்ட்லாண்டில் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

ஒரு பக்கம் சீன அரிசி இறங்கும் துறைமுகம். அதே துறைமுகத்தில், அரிசி விலை கேட்டு எழுந்த மக்களுக்கு அஞ்சிப் பிரித்தானியக் கப்பலில் ஏறிய அமைச்சர்கள். அன்றைய இலங்கையின் வெளியுறவுக் கொள்கை என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைச் சொல்லலாம்.

அடுத்துப் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல கம்யூனிஸத்தை இன்னும் காரமாகத் திட்டியவர். 1955 பாண்டுங் மாநாட்டில் சீனப் பிரதமர் சூ என்லாய் முன்னிலையிலேயே கிழக்கு ஐரோப்பாவில் நடப்பதும் காலனித்துவம்தானே என்று கேட்டுச் சபையைக் கலங்கடித்தார். அதே ஆண்டும் இறப்பர் போனது, அரிசி வந்தது. பேச்சு ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம்.

கூடுதல் விலை போன கதை

1953 ஜூலையில் கொரியாவில் போர்நிறுத்தம். 1954க்குள் உலகச் சந்தையில் அரிசி பெருகிவிட்டது. பர்மாவில் விற்காமல் தேங்கியது. 1956இல் மலாயா, சிங்கப்பூர் இறப்பரைச் சீனாவுக்கு விற்கப் பிரித்தானியா இடங்கொடுத்தது. இலங்கையிடம் மட்டும் கைநீட்ட வேண்டிய தேவை சீனாவுக்கு இனி இல்லை.

அந்த ஆண்டுதான் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். 1957 தொடக்கத்தில் சூ என்லாய் கொழும்பு வந்தார். பெப்ரவரி 7இல் முறையான தூதரக உறவு ஏற்பட்டது. மக்கள் சீனக் குடியரசை இலங்கை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தபோதும், தூதுவர்கள் மாறி அமர ஏழு ஆண்டு பிடித்தது. செப்டெம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த ஒப்பந்தத்தில் சந்தைக்கு மேற்பட்ட இறப்பர் விலை இல்லை. அதற்குப் பதிலாக இறப்பர் மறுநடுகைக்கென ஐந்தாண்டில் 7.5 கோடி ரூபா உதவி.

வரிசையைக் கவனியுங்கள். உறவு இல்லாத காலத்தில் விலை கிடைத்தது. உறவு வந்த ஆண்டில் விலை போனது. நட்பு விலையைக் கொண்டுவரவில்லை. உதவிப் பணம் வந்தது, உண்மை. ஆனால் விலை என்பது இலங்கை பேரம்பேசி வாங்கியது. உதவி என்பது சீனா கொடுத்தது. பெறுமதி ஒன்றாகவே இருந்தாலும், வாங்குகிறவன் நிற்கும் இடம் வேறு.

மறுநடுகை வீண்போகவில்லை. 1953இலேயே இலங்கை மறுநடுகை மானியத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கிழட்டு மரங்களை வெட்டி ஒட்டுக்கன்று வைத்தார்கள். அறுபதுகளில் இலங்கை இறப்பருக்கு வந்த உயிர் அங்கிருந்துதான். கூடுதல் விலை கிடைத்த ஐந்தாண்டில் இன்னும் அதிகம் நட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

சீனப் பக்கத்தில் சொல்லாமல் விடமுடியாத ஒன்றும் உண்டு. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தார்கள். அந்தப் பஞ்சம் தொடங்கிய பிறகும் தானிய ஏற்றுமதி உடனே நிற்கவில்லை. 1961இல் பர்மாவிடம் அரிசி வாங்கி அதை இலங்கைக்கு அனுப்பித் தன் வாக்கைக் காத்தது சீனா. கொழும்பில் கூப்பன் வரிசையில் நின்ற எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. ஒப்பந்தம் பிழையாமல் நடந்தது என்று மெச்சுகிறவர்கள், யார் வயிற்றைக் கட்டி அது நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதலாம்.

லயத்துக்கு வந்த அரிசி

தோட்டங்களில் விளைந்த இறப்பரைத்தான் நாடு அரிசியாக மாற்றியது. தாழ்நில இறப்பர்த் தோட்டங்களில் சிங்களத் தொழிலாளரும் சிறுதோட்டக்காரரும் நிறைய இருந்தார்கள். ஆனாலும் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்து பால்வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1952 மே தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. தேர்தலுக்கு முந்திய மாதம் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நடந்தது; பலன் இல்லை.

ஆர். ஜி. சேனநாயக்கவின் இன்னொரு முகம் இங்கே தெரியும். பீக்கிங்கில் அமெரிக்காவுக்கு அஞ்சாமல் நின்ற அதே மனிதர், இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றி 1954இல் நேருவும் கொத்தலாவலவும் செய்த உடன்பாட்டை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றார். அவர்களுக்கு அதிகம் விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பது அவர் குறை. அந்த ஆண்டே மந்திரிசபையை விட்டு வெளியேறினார். 1956 தேர்தலில் தம்பதெனியாவிலும் களனியிலும் ஒரே நேரத்தில் போட்டியிட்டு, களனியில் தன் பழைய மந்திரிசபைத் தோழர் ஜயவர்த்தனவைத் தோற்கடித்தார். பண்டாரநாயக்க அரசில் மறுபடி வர்த்தக அமைச்சர். அரிசிக்காக உலகத்தோடு மல்லுக்கட்டியவர், இறப்பரை வெட்டித் தந்த கையைக் குடிமகனின் கையாகக் காணவில்லை. தேசியவாதம் அப்படித்தான், ஒரே ஆளிடம் இரண்டையும் வைத்துவிடும்.

கடைசிக் கப்பல்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து ஒப்பந்தம் 30 ஆண்டு ஓடியது. இடையில் கட்சிகள் மாறின. டட்லி திரும்பி வந்தார், சிறிமாவோ வந்தார், போனார். 1973இல் சீனா கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் கொழும்பில் திறக்கப்பட்டது. ஒப்பந்தத்துக்கு எதிராக நின்ற அதே ஜயவர்த்தன 1977இல் ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட்டார். தனியார் யாரிடமும் வாங்கலாம், யாருக்கும் விற்கலாம் என்றான பிறகு அரசுக்கு அரசு பண்டமாற்றுக்கு வேலையில்லை. 1982இல் அது முடிந்தது. ஊடகங்களில் பெரிதாக யாரும் அழவில்லை.

பிறகு இறப்பர் – அரிசி ஒப்பந்தம் என்ற சொல் மீண்டும் உயிர்பெற்றது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது பற்றிய வாதங்களிலும் 1952 வந்து போனது. இரண்டையும் ஒரே சங்கிலியின் வளையங்களாகச் சொல்வது வசதியான பேச்சு. 1952இல் இலங்கையிடம் சீனாவுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு பொருள் இருந்தது. 2017இல் இருந்தது கடன்.

1952க்கு நெருங்கி வரும் உதாரணம் வேண்டுமென்றால் ஈரானைப் பார்க்கலாம். எண்ணெய் வாங்கிய பாக்கி 25.1 கோடி டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்று 2021 டிசம்பரில் உடன்பாடானது. அங்கும் அமெரிக்கத் தடை, இங்கும் டொலர் இல்லை. வேறுபாடு, இம்முறை தேயிலை போனது பழைய கடனுக்கு. பதிலுக்குக் கப்பலில் எதுவும் வரவில்லை.

களுத்துறையிலும் கேகாலையிலும் மரங்கள் நிற்கின்றன. பால்வெட்ட ஆள் கிடைப்பதில்லை என்பது இப்போதைய முறைப்பாடு. கனரக வாகன டயர் செய்து உலகெங்கும் அனுப்பும் ஆலைகள் நாட்டில் உண்டு. அவற்றுக்கு உள்ளூர்ப் பால் போதாது. கொழும்புத் துறைமுகத்தில் இப்போது இயற்கை இறப்பர் இறக்குமதியாகி வந்து இறங்குகிறது.